தோசைக் கல்லில் தடவும் எண்ணெயும் கேக்கிற்குள் போகும் எண்ணெயும்

கேள்வி: எனக்கு வயது 52. அண்மையில் செய்த இரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு 148, ட்ரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு 210, எச்.டி.எல். என்னும் நல்ல கொழுப்பு 41 என்று வந்திருக்கிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இயல்பாக உள்ளன. மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அறிக்கையைப் பார்த்த என் தம்பி, இனிமேல் தோசைக் கல்லில் ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தடவக் கூடாது என்று சொல்லி, நான்-ஸ்டிக் கல் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டான். என் மகள் ஞாயிறுதோறும் ஓவனில் கேக் செய்கிறாள்; டின்னில் எண்ணெய் தடவாமல் பட்டர் பேப்பர் விரித்தால் கொழுப்பு சேராது என்கிறாள். வீட்டில் நான்கு பேர். மாதத்திற்கு ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் ஆகிறது. செக்கில் ஆட்டியதாகப் பார்த்துச் செவ்வாய்ப்பேட்டையில் வாங்குகிறோம். செக்கு எண்ணெய் கொழுப்பைக் கூட்டாது என்பது உண்மையா? எண்ணெயை அறவே விட்டுவிட வேண்டுமா? – வாசகி, அம்மாபேட்டை, சேலம்.

பதில்: எண்ணெயை அறவே விட வேண்டியதில்லை, ஆனால் குறைத்தே ஆக வேண்டும். உங்கள் தம்பியின் அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் கை வைத்த இடம்தான் தவறு. கல்லில் தடவும் எண்ணெய் பளபளவென்று கண்ணுக்குத் தெரிவதால் பழி முழுவதும் அதன் மேல் விழுகிறது. குழம்புக்குள்ளும் இட்லிப் பொடிக்குள்ளும் கேக்கிற்குள்ளும் ஓசையின்றி இறங்கும் எண்ணெயை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

முதலில் கல்லைப் பார்ப்போம். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல் முழுவதும் ஒரு சுற்றுத் தேய்த்தால் கால் தேக்கரண்டி எண்ணெய்க்கு மேல் செலவாகாது. எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கிலோகலோரி என்பதால், அந்தத் தேய்ப்பு ஏறத்தாழ 10 கிலோகலோரியில் முடிந்துவிடும். அதே தோசை மொறுமொறுவென்று வர வேண்டும் என்பதற்காகச் சுற்றிலும் எண்ணெய் விட்டு, திருப்பிப் போட்டு மறுபடியும் விடும்போது, ஒரு தோசைக்கு ஒன்றரைத் தேக்கரண்டி எளிதில் போய்விடும். மூன்று தோசை சாப்பிட்டு எழுவதற்குள் ஏறத்தாழ 20 கிராம் எண்ணெய் உள்ளே போயிருக்கும். உங்கள் நிலையில் ஒருவருக்கு நாள் முழுவதற்குமாக நான் எழுதிக் கொடுக்கும் அளவே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே தடவுவதைத் தாராளமாகத் தொடருங்கள். சுற்றி விடுவதைத்தான் நிறுத்த வேண்டும்.

பழைய இரும்புக் கல்லைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சூடான இரும்பின் மேல் மெல்லியதாகப் பரவும் எண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, வழவழப்பான கெட்டிப் படலமாக இறுகிவிடுகிறது. கல் பழகிவிட்டது என்று நாம் சொல்வது இதைத்தான். நன்றாகப் பழகிய கல்லுக்கு வெங்காயத் தேய்ப்பே போதும். நான்-ஸ்டிக் கல்லிலும் தீங்கு ஏதுமில்லை, ஆனால் அதை வெறுமையாகப் பெருந்தீயில் காய விடக் கூடாது. ஏறத்தாழ 260 டிகிரி செல்சியசுக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கி, மூச்சுக்கு ஆகாத புகையை வெளியிடும். மரக் கரண்டியைப் பயன்படுத்துங்கள். பூச்சு உரிந்தால் கல்லை மாற்றிவிடுங்கள். இரும்புக் கல்லிலும் எண்ணெய் புகையும் அளவுக்குச் சூடு வேண்டாம். அந்தப் புகையில் கண்ணைக் கரிக்கும் அக்ரோலின் என்னும் பொருள் இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வியிலேயே ஒளிந்திருக்கும் பெரிய எண்ணுக்கு வருகிறேன். ‘நாங்கள் எண்ணெயே சேர்ப்பதில்லை டாக்டர்’ என்று சொல்பவர்களிடம் நான் சமையல் முறையைக் கேட்பதில்லை; மாதத்திற்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்றுதான் கேட்பேன். நான்கு பேருக்கு ஐந்து லிட்டர் என்றால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 42 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவு. எடையில் 38 கிராம், ஏறத்தாழ 340 கிலோகலோரி. நெய், வெளியில் வாங்கும் பலகாரம், தேங்காய், வேர்க்கடலை ஆகியவற்றிலுள்ள கொழுப்பு இதில் சேரவில்லை. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி தேவைப்படுபவருக்கு 27 கிராம் எண்ணெய் போதும் என்கிறது. உங்களுக்கு நான்கிலிருந்து ஐந்து தேக்கரண்டி வரை சொல்வேன். குடும்பம் முழுவதும் அந்த அளவுக்கு வந்தால் மாதச் செலவு மூன்று லிட்டரில் நின்றுவிடும். (விளக்குக்கும் சனிக்கிழமைத் தலைக்கும் போகும் நல்லெண்ணெயைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அதைச் சேர்த்துக் கொண்டு என்னிடம் வாதாடிய குடும்பத்தலைவர் ஒருவர் உண்டு.) மாத முதல் தேதியில் மூன்று லிட்டரைத் தனியாக எடுத்து வைத்து, கரண்டியால் அள்ளாமல் தேக்கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். எந்த வேளையில் எண்ணெய் ஒழுகிப் போகிறது என்பது இரண்டே வாரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பெரும்பாலும் அது ஒழுகுமிடம், எண்ணெய் பிரியும் வரை வதக்கும் குழம்பும், தாளிப்பும், ஊறுகாயும்தான். இட்லியை ஆவியில் வேக வைத்துவிட்டு, பொடியைக் குழப்ப இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விடுவதை நாம் யாரும் எண்ணெய்ப் பலகாரமாக நினைப்பதில்லை. பொடியில் பாதியளவு எண்ணெயும் மீதிக்குக் கொஞ்சம் தயிரும் விட்டுக் குழைத்துப் பாருங்கள். ஒரு வாரம் பழகிவிட்டால் நாக்கு ஏற்றுக்கொள்ளும். வதக்கும்போது அடிப் பிடித்தால் எண்ணெய்க்குப் பதிலாக ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள். எண்ணெயே இல்லாமல் சமைப்பதையும் நான் ஊக்குவிக்க மாட்டேன். கீரையிலும் கேரட்டிலும் உள்ள, வைட்டமின் ஏ-யாக மாறும் சத்தும், டி, ஈ, கே வைட்டமின்களும் உடலில் சேர்வதற்குச் சிறிது கொழுப்பு கூடவே இருக்க வேண்டும்.

பொரிப்பதற்கு ஓர் எளிய சோதனை சொல்கிறேன். வாணலியில் ஊற்றும் முன் எண்ணெயை அளந்து கொள்ளுங்கள்; பொரித்து முடித்து நன்றாக ஆறிய பிறகு மிச்சத்தை அளந்து பாருங்கள். குறைந்திருப்பது, சிந்தியதும் காகிதத்தில் ஒட்டியதும் போக, நீங்கள் சாப்பிட்டதுதான். நம் ஊர் ஜவ்வரிசி வடகத்தில் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தவர்கள் அடுத்த முறை வடகத்தை எண்ணித்தான் போடுவார்கள். பொரித்ததை எடுத்தவுடன் உதறி வடிய விடுவதிலும் பொருள் இருக்கிறது. பண்டம் வாணலியில் இருக்கும் வரை உள்ளிருந்து வரும் நீராவி எண்ணெயை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். வெளியே எடுத்தபின் ஆவி குளிர்ந்து சுருங்குவதால் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படும். அந்தச் சில நொடிகளில் எவ்வளவு வடிகிறதோ அவ்வளவும் உங்களுக்கு இலாபம்.

ஒரு முறை பொரித்த எண்ணெயை மீண்டும் பொரிக்கப் பயன்படுத்தாமல், ஓரிரு நாளில் தாளிப்புக்கோ வதக்கலுக்கோ செலவழித்துவிடுங்கள். அதன் மேல் புது எண்ணெயை ஊற்றி நிரப்புவது கெட்டுப்போனதை நீட்டித்துக் கொண்டே போவதாகும். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உண்டாகும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெய் சமையலுக்கு உதவாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி கூறுகிறது. வீட்டில் அதை அளக்க வழியில்லை. நிறம் கருத்து, பிசுபிசுத்து, நுரைத்து, முன்னைவிட விரைவில் புகைந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். மாலையில் தட்டுவடை செட் சாப்பிடும் சேலத்துப் பழக்கத்தை விடச் சொல்லி யாரிடமும் நான் வென்றதில்லை. நடுவில் வைக்கும் கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் நல்லவையே. மேலும் கீழும் இருக்கும் தட்டை எந்த எண்ணெயில் பொரிந்தது என்பதுதான் கேள்வி. மாதத்திற்கு இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மகளின் கேக். 250 கிராம் மைதா, 200 கிராம் சர்க்கரை, 120 மில்லிலிட்டர் எண்ணெய் என்பது வீடுகளில் வழக்கமாகப் போடும் அளவு. அந்த எண்ணெய் 110 கிராம் எடையும் ஏறத்தாழ 990 கிலோகலோரியும் கொண்டது. பத்துத் துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலான எண்ணெயும் 20 கிராம் சர்க்கரையும் இருக்கும். டின்னில் தடவுவது மொத்தமே ஒரு தேக்கரண்டி. அது பத்துத் துண்டுக்கும் பகிரப்படும்போது ஒரு துண்டுக்கு அரை மில்லிலிட்டர்தான் வருகிறது. பட்டர் பேப்பர் விரித்து மிச்சப்படுத்துவது அந்த அரை மில்லிலிட்டரைத்தான். பேப்பர் விரிப்பதானாலும் பேக்கிங்குக்கென்று விற்கும் தாளாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பொட்டலம் கட்டும் மெழுகுத் தாளையும் சில கடைகளில் அதே பெயரில் கொடுக்கிறார்கள், அது ஓவன் சூட்டில் உருகிப் புகையும். தெளிக்கும் எண்ணெய் டப்பாவில் இருப்பதும் எண்ணெய்தான். அதிலுள்ள லெசித்தின் நான்-ஸ்டிக் பரப்பில் பிசினாகப் படிந்துவிடும் என்பதால் கேக் டின்னோடு அதை நிறுத்திக்கொள்ளலாம்.

ஓவனில் எண்ணெய் நஞ்சாகிவிடும் என்ற அச்சமும் சிலருக்கு இருக்கிறது. ஓவன் 180 டிகிரியில் இருந்தாலும், மாவில் நீர் இருக்கும் வரை கேக்கின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. உள்ளிருக்கும் எண்ணெய் புகையும் நிலைக்கு அருகில்கூடப் போகாது. எந்தக் கொழுப்பைப் போடுகிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். வெண்ணெயிலும் நெய்யிலும் உள்ள கொழுப்பில் பாதிக்கு மேலும், தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதமும் நிறைவுற்ற கொழுப்பு, உங்கள் எல்.டி.எல்.லை நேராக ஏற்றுவது அதுதான். கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவே இருக்கிறது, சூரியகாந்தி எண்ணெயில் அதைவிடக் குறைவு. ஆகவே கேக்கிற்கு வெண்ணெயைவிடத் திரவ எண்ணெய் உங்களுக்கு ஏற்றது. அதிலும் பாதியைக் கெட்டித் தயிராலோ மசித்த வாழைப்பழத்தாலோ ஈடு செய்யலாம். கேக் சற்று அடர்த்தியாக வரும், பாழாகிவிடாது. வனஸ்பதியும் மார்ஜரினும் வீட்டுக்குள் வர வேண்டாம். கொழுப்புப் பொருள்களில், எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் விதி இருந்தாலும், நிறைவுற்ற கொழுப்பு அவற்றில் குறைந்துவிடவில்லை.

எண்ணெயைக் குறைத்ததால்தான் கேக் அமுங்கிவிட்டது என்று, ஏற்காட்டிலுள்ள உறவினர் வீட்டில் செய்துவிட்டு வந்து சொல்பவர்கள் உண்டு. அங்கே காரணம் வேறாக இருக்கலாம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். மாவு வேகமாகப் பொங்கி, வெந்து நிலைப்பதற்குள் உட்கார்ந்துவிடும். மலையில் பேக்கிங் பவுடரைச் சிறிது குறைத்து, பாலைச் சிறிது கூட்ட வேண்டும்.

செக்கு எண்ணெயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணத்திலும் சுவையிலும் அதற்கு நிகரில்லை என்பதில் எனக்கும் ஐயமில்லை, ஆனால் கொழுப்பின் அளவும் தன்மையும் சுத்திகரித்த கடலை எண்ணெயில் இருப்பவையே. மரச்செக்கில் ஆட்டியதால் ஒரு கிராமுக்கு 9 கிலோகலோரி என்பது எட்டாகிவிடாது. பூஞ்சை பிடித்த கடலையை ஆட்டினால் அஃப்ளாடாக்சின் என்னும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு செக்கு எண்ணெயில் தங்கிவிடும். சுத்திகரிப்பில் அது பெரும்பாலும் நீங்கும். சொந்தக் கடலையைக் கொண்டுபோய் ஆட்டுபவர்கள் சுருங்கியதையும் கறுத்ததையும் பொறுக்கிப் போட்டுவிட்டு ஆட்ட வேண்டும். ஒரு மாதம் கடலை எண்ணெய், ஒரு மாதம் நல்லெண்ணெய் என்று மாற்றிப் பயன்படுத்துவது நல்லது.

கடைசியாக உங்கள் அறிக்கை. ட்ரைகிளிசரைடு 210 என்பது, நீங்கள் எண்ணெயை மட்டும் பழிக்கக் கூடாது என்பதைக் காட்டுகிறது. சர்க்கரையும் மைதாவும் அளவுக்கு மீறிய வெள்ளைச் சோறும்தான் அதை அதிகமாக ஏற்றுபவை. எண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டு, பசிக்காக இன்னும் இரண்டு இட்லியும் ஒரு துண்டு கேக்கும் கூட்டிச் சாப்பிட்டால் அந்த எண் இறங்காமல் ஏறக்கூடும். ஞாயிற்றுக்கிழமைக் கேக்கில் உங்கள் பங்கு ஒரு சிறு துண்டு, அதுவும் இரண்டு வாரத்திற்கு ஒரு முறை. மாதவிடாய் நின்ற பிறகு எல்.டி.எல். உயர்வது பெண்களுக்கு இயல்பு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் அது உயரும், அப்போது எண்ணெயை எவ்வளவு குறைத்தாலும் பயன் தெரியாது. எனவே தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். நாள்தோறும் அரை மணி நேர நடையோடு, மூன்று லிட்டர் கணக்கை மூன்று மாதம் கடைப்பிடித்து, பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து கொழுப்புப் பரிசோதனையை மறுபடியும் செய்யுங்கள். மாத்திரை தேவையா என்பதை உங்கள் மருத்துவர் எல்.டி.எல்.லை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இளம் வயதில் மாரடைப்பு வந்ததுண்டா என்பதையும் கேட்பார். அந்த விவரத்தையும் இரண்டு அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு செல்லுங்கள்.