பழைய வேர்டும் பாமினியும்

அன்புள்ள ஐயா,

மொழிபெயர்ப்பு என் முழுநேரத் தொழில். இன்றும் விண்டோஸ் எக்ஸ்பி கணினியில், வேர்டு 2003-இல், பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறேன். கை அதற்குப் பழகிவிட்டது. இப்போது பதிப்பகத்தில் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில், வேர்டின் புதிய டாக்எக்ஸ் கோப்பாகக் கேட்கிறார்கள். மகள் புது மடிக்கணினி வாங்கித் தந்திருக்கிறாள். சந்தா கட்டி புது வேர்டு போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். ஆங்கில நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இன்னும் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில், வேர்ட்ஸ்டார் 4.0 என்ற பழைய எழுதும் மென்பொருளை வைத்துத்தான் எழுதுகிறாராம். அவருக்கு ஆகும் என்றால் எனக்கு ஏன் ஆகாது? மாற்றத்தான் வேண்டுமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

வேர்டு 2003 இருக்கட்டும். பாமினியை விட்டுவிடுங்கள். அதுவும் அந்தப் பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே.

மார்ட்டின் 2014-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இதைச் சொன்னார். தான் அடிக்கும் சின்ன எழுத்தை மென்பொருள் தானாகப் பெரிய எழுத்தாக்குவது பிடிக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். எழுதும் கணினியை இணையத்தில் இணைக்காமல் தனியாக வைத்திருக்கிறார். இந்த இரண்டும் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் அவர் எழுதுவது ஆங்கிலத்தில். ஆங்கில எழுத்துகளுக்குக் கணினி தரும் எண்கள் 1960களிலிருந்து மாறவில்லை. வேர்ட்ஸ்டாரே இல்லாமல் போனாலும் அவருடைய சொற்களை இன்னொரு மென்பொருள் படித்துவிடும்.

பாமினியில் அப்படி இல்லை. அதில் நீங்கள் அடிக்கும் ‘தமிழ்’ என்ற சொல், கணினியைப் பொறுத்தவரை நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரையில் தமிழாகத் தெரிவது எழுத்துரு செய்யும் வேலை. எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் மொத்த உழைப்பும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். கோப்புக்குள் ஒரு சொல்லைத் தமிழில் தேடக்கூட முடியாது. மார்ட்டினின் பெரிய எழுத்துத் தொல்லையும் பாமினிக்காரர்களுக்கு இன்னும் மோசமாகவே நேர்ந்தது. வாக்கியத்தின் முதல் எழுத்தை வேர்டு பெரிதாக்கினால் ‘த’ என்பது ‘து’ ஆகிவிடும்.

யூனிகோடில் தமிழுக்கு 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே இடம் கிடைத்தது. உங்கள் வேர்டு 2003-க்கும் யூனிகோடு தெரியும். எக்ஸ்பியின் மொழி அமைப்பில் இந்திய மொழிகளுக்கான ஆதரவை இயக்கினால் லதா எழுத்துருவில் எழுதலாம் (விண்டோஸ் குறுந்தகடு கேட்கும், எடுத்து வையுங்கள்). கைப்பழக்கத்தைப் பற்றிய கவலையும் வேண்டாம். என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் இரண்டிலும் பாமினி விசைப்பலகை உண்டு. விரல்கள் அதே விசைகளைத்தான் தட்டும், கோப்பில் யூனிகோடு விழும். பல வருடம் பழகிய கையை மாற்றச் சொல்வது எழுதுகிறவருக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன்.

கடினமான வேலை பழைய கோப்புகளில் இருக்கிறது. சுரதா மாற்றி, என்.எச்.எம். மாற்றி போன்ற மென்பொருள்கள் பாமினியை யூனிகோடாக்கித் தரும். ஆனால் ஒட்டி எடுத்தால் எழுத்து மட்டும்தான் வரும். சாய்வெழுத்து, அடிக்குறிப்பு இணைப்பு எல்லாம் போய்விடும். மொழிபெயர்ப்பாளருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து, நடுவே வரும் ஆங்கிலச் சொற்கள். ஆசிரியர் பெயர், மூலநூல் தலைப்பு, மேற்கோள் எல்லாவற்றையும் அந்த மென்பொருள் பாமினி என்றே எடுத்துக்கொண்டு அர்த்தமில்லாத தமிழாக ஆக்கிவிடும். எந்தப் பக்கத்தில் ஆங்கிலம் வருகிறது என்று முன்பே குறித்துவிட்டு, கோப்பை மாற்றி முடித்த பிறகு அந்தச் சொற்களைக் கையால் அடியுங்கள். முக்கியமான நூல்களைப் பழைய கணினியிலிருந்தே தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிரதியை அந்தத் தாளோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் அதை நம்மைத் தவிர யாரும் செய்யப்போவதில்லை. பாமினி மூலக் கோப்பையும் எழுத்துருக் கோப்பையும் அழிக்காமல் ஒன்றாகவே பத்திரப்படுத்துங்கள்.

பழைய கணினியை இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள். எக்ஸ்பிக்கும் ஆபீஸ் 2003-க்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8 அன்றே, ஒரே நாளில், நின்றுபோயின. முன்பின் தெரியாதவர் அனுப்பும் வேர்டு கோப்பை அதில் திறக்கவே கூடாது.

பதிப்பகம் கேட்கும் டாக்எக்ஸ் 2007 பதிப்பிலிருந்துதான் வேர்டின் வழக்கமான வடிவமானது. உங்கள் கோப்பைப் புது மடிக்கணினியில் லிப்ரெஆபீஸ் என்ற மென்பொருளில் திறந்து, டாக்எக்ஸாகச் சேமித்து அனுப்பலாம். அது இலவசம். சந்தா வேர்டு எனக்கு உவப்பில்லை. கட்டணம் நின்றால் கோப்பைப் படிக்கலாம், அச்செடுக்கலாம், திருத்த முடியாது. வருமானம் ஒரு மாதம் போல் இன்னொரு மாதம் இல்லாத நம் தொழிலில் அந்த நிலைமை வரக்கூடாது. வேர்டுதான் வேண்டும் என்று தோன்றினால் ஒரே தடவை பணம் கட்டும் ஆபீஸ் 2024 இருக்கிறது.

இப்போது கையில் இருக்கும் மொழிபெயர்ப்பை நடுவழியில் மாற்றாதீர்கள். பாமினியிலேயே முடித்து, மொத்தமாக மாற்றி, மெய்ப்புப் பார்த்துக் கொடுங்கள். மெய்ப்புக்காகக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் வேண்டும் என்று பதிப்பகத்தில் இப்போதே சொல்லிவிடுங்கள். அடுத்த நூலை முதல் வரியிலிருந்தே யூனிகோடில் தொடங்கலாம்.