பன்றி வாலும் யானைத்தீயும்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு 11 வயது. மாயக்கதை என்றால் உயிர். போன வாரம் ஹாரி பாட்டர் முதல் புத்தகத்தைப் பாதியில் மூடிவிட்டு, "ஏம்மா, குண்டா இருந்தா எல்லாக் கதையிலயும் கெட்டவங்களாத்தான் இருப்பாங்களா?" என்று கேட்டாள். அவளும் பூசினாற்போல் இருப்பாள். இரண்டு நாளாக ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்கிறாள். கதைதானே என்று சொல்லிப் பார்த்தேன். உடம்பு கொஞ்சம் குறைந்தால் அவளுக்கும் நல்லதுதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. குண்டான பிள்ளை நாயகியாக வரும் மாயக்கதைகள் நாலைந்து சொல்லுங்களேன்.

ர., அம்பாசமுத்திரம்

அன்புள்ள ர.,

முதலில் திட்டிவிடுகிறேன். ஒரு பிள்ளை ராத்திரிச் சோறு வேண்டாம் என்கிறது, அதில் நல்லது எங்கே இருக்கிறது? அவள் உடம்பைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டியிருந்தால் கேளுங்கள், அது வேறு பேச்சு. வெறும் வயிற்றோடு படுக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் குறையட்டுமே என்று மனசுக்குள் நினைக்காதீர்கள். நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் அவளுக்கு அது தெரியும்.

கதைதானே என்றும் சொல்லாதீர்கள். உங்கள் மகள் எந்த இடத்தில் புத்தகத்தை மூடினாள் என்று நினைக்கிறீர்கள்? மாயப் பள்ளியிலிருந்து ஹாக்ரிட் வந்து, ஹாரியின் பெரியம்மா மகன் டட்லிக்குப் பன்றி வால் முளைக்க வைக்கிற இடமாகத்தான் இருக்கும். அங்கே பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோரைப் பழித்தது டட்லியின் அப்பா. தண்டனை மகன் உடம்புக்கு. ஹாக்ரிட் முழுப் பன்றியாக்கத்தான் நினைத்தாராம், ஏற்கெனவே அப்படித்தானே இருக்கிறான், மாற்ற அதிகம் இல்லை என்கிறார். நாம் சிரிக்க வேண்டும். டட்லிக்கும் அப்போது 11 வயதுதான். அவன் முரடன், ஹாரியை அடிக்கிறவன், அதற்காக அவனை எவ்வளவு வேண்டுமானாலும் வெறுக்கலாம், ஆனால் அந்த வால் அவன் அடித்ததற்காக முளைக்கவில்லையே. டோல்கீன் எழுதிய 'ஹாபிட்' கதையில் வரும் பாம்பூரையும் விடுங்கள், 13 குள்ளர்களில் குண்டானவர் என்பதற்கு மேல் அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. நாம் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை, சினிமாவில் குண்டானவர் இடறி விழுந்தால் தியேட்டரே சிரிக்கிறது.

இருபது வயதில் நானும் அதைத்தான் செய்தேன். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் ஆச்சி அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதிய மாயக்கதையை வாசித்துக் காட்டினேன். அதில் ஒரு மந்திரி, கஜானாவைத் திருடுகிறவன், அவன் வரும்போதெல்லாம் தொந்தி குலுங்கும். ஆச்சி கையை நிறுத்தாமல் கேட்டாள்: "ஏட்டி, அவன் களவாண்டதுக்கும் அவன் வகுத்துக்கும் என்ன சம்பந்தம்?"

தெரு முழுக்க அவளைக் குண்டாச்சி என்றுதான் கூப்பிடும். பிரியமாகத்தான் கூப்பிட்டார்கள், அவளும் 'என்ன' என்று திரும்புவாள். ஆனால் அவள் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மறுவீட்டுச் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிவதிலிருந்து எல்லாம் அவள் கைதான். உட்காரச் சொன்னால் "பொறவு சாப்பிடுதேன்" என்பாள். எல்லாரும் போனபிறகு அடுக்களையில் நின்றபடியே சாப்பிடுவாள். அதை நான் கவனித்ததே அந்தக் கேள்விக்கு அப்புறம்தான். உங்கள் மகள் வேண்டாம் என்று தள்ளும் தட்டைப் பற்றிப் படித்ததும் எனக்கு ஆச்சிதான் ஞாபகத்துக்கு வந்தாள்.

மணிமேகலையில் காயசண்டிகை என்று ஒருத்தி வருகிறாள். நம் பொதிகைக் கதை அது, உங்கள் வீட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற மலை. வானத்தில் பறக்கத் தெரிந்த வித்தியாதரப் பெண், கணவனோடு பொதிகையைப் பார்க்க வந்தவள். 12 ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் ஒற்றை நாவல்கனியை விருச்சிக முனிவர் ஆற்றங்கரையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார், அது மட்டும்தான் அவருடைய சாப்பாடு. இவள் செருக்கோடு நடந்துவந்து காலால் மிதித்துச் சிதைத்துவிடுகிறாள். பறக்கிற மந்திரம் மறந்துபோகட்டும், அடுத்த கனியை நான் உண்ணும்வரை 12 ஆண்டு நீ யானைத்தீயில் கிட என்று சாபம். எவ்வளவு தின்றாலும் அடங்காத பசிக்குத்தான் யானைத்தீ என்று பெயர். மாயமும் சாபமும் இதிலும் உண்டு. ஆனால் அவளுக்கு யாரும் வால் முளைக்க வைக்கவில்லை. வந்தது முனிவரின் பட்டினி, அவர் பட்ட அளவுக்கே.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான். மணிமேகலை அள்ள அள்ளச் சோறு குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தோடு முதல் பிச்சையை யாரிடம் வாங்குவது என்று நிற்கும்போது, கற்புக்குப் பேர்போன ஆதிரை வீட்டுக்குப் போ என்று வழி சொல்கிறவள் இந்தக் காயசண்டிகைதான். யோசித்துப் பாருங்கள், ஊரில் எந்தக் கை நல்ல கை என்று அத்தனை பசியோடு அலைந்தவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? பெருந்தீனிக்காரி என்று அவளை ஒதுக்கியிருந்தால் அந்தப் பாத்திரத்தில் ஆதிரை இட்ட முதல் சோறு விழுந்திருக்காது. கடைசியில் அவள் பசியைத் தீர்ப்பதும் அந்தப் பாத்திரத்துச் சோறுதான். குறைத்துச் சாப்பிடு என்று யாரும் அவளுக்குப் புத்தி சொல்லவில்லை.

பொதிகைக்கே உரியவர் யார்? அகத்தியர், குள்ளம், தொந்தி வேறு. ஆட்டுக்கறியாக வயிற்றுக்குள் போன வாதாபி அசுரனைச் செரித்தது அந்தத் தொந்திதான். இதையும் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட நாலைந்து புத்தகத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனி ஆடியில் நாவல்பழம் விற்க வரும்போது ஒரு படி வாங்கி, இரண்டு பேரும் நாக்கு ஊதாவாகிறவரை தின்றுகொண்டே காயசண்டிகை கதையைப் பேசுங்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கு ராத்திரியே அவள் பக்கத்தில் நீங்களும் தட்டோடு உட்காருங்கள். சாப்பிட்டாளா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா