வாய் திறக்காத சர்வீஸ்காரர்

வணக்கம் சார்,

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக வரும் புது மோனோபிளாக் மாடல் ஒன்றை ஆறு மாதத்தில் கொண்டுவர என் பொறுப்பில் ஒரு குழு போட்டார்கள். ஃபவுண்டரி, வைண்டிங், டெஸ்டிங், பர்ச்சேஸ், சர்வீஸ் என்று பிரிவுக்கு ஒருவர், என்னோடு ஆறு பேர். மூன்று மாதம் ஓடிவிட்டது. முதல் சாம்பிளில் எஃபிஷியன்சி வரவில்லை. தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் காஸ்டிங் சொரசொரப்பாக இருப்பதுதான் காரணம் என்கிறார் வைண்டிங்காரர். மோட்டார்தான் கரண்டைக் குடிக்கிறது என்கிறார் ஃபவுண்டரிக்காரர். இப்போது இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பர்ச்சேஸில் இதுவரை மூன்று பேர் மாறிவிட்டார்கள். சர்வீஸ்காரர் மட்டும் தொந்தரவில்லாதவர், கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார்.

எந்தக் குழுவும் ஒன்றுகூடுதல், மோதல், இணங்குதல், செயல்படுதல் என்று நான்கு கட்டமாகத்தான் வளரும், மோதல் இயல்பு என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அப்படியென்றால் பொறுத்திருக்கலாமா? இல்லை, வைண்டிங்காரரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கட்டுமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

அந்த நான்கு கட்டங்களை 1965இல் எழுதியவர் புரூஸ் டக்மேன் என்ற அமெரிக்க உளவியலாளர். அவர் ஆலை ஆலையாகப் போய்ப் பார்த்து எழுதியதல்ல அது. அதுவரை வெளிவந்திருந்த ஐம்பது கட்டுரைகளைப் படித்துத் தொகுத்தார். அவற்றில் பெரும்பகுதி மனநலச் சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை. அந்தக் குறையை அவரே அதில் சொல்லியிருக்கிறார். பயிற்சி வகுப்புகளில் அந்தப் பகுதி மட்டும் எப்படியோ விட்டுப்போகும். ஆடி போனால் ஆவணி வருவதுபோல மோதல் போனால் இணக்கம் தானாக வந்துவிடாது. மோதலிலேயே நின்று, கலைந்துபோன குழுக்கள் ஏராளம்.

கானி கெர்சிக் என்பவர் எட்டு குழுக்களை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை கவனித்து 1988இல் எழுதினார். கொடுத்த கெடு நீளமோ குட்டையோ, ஏறக்குறைய பாதிக் காலம் முடியும்போதுதான் குழு விழித்துக்கொண்டு பழைய வழியை விட்டது என்பது அவர் கண்டது. உங்களுக்கு ஆறு மாதத்தில் மூன்று போய்விட்டது. ஏதாவது மாற்றுவதென்றால் இந்த வாரம் மாற்றுங்கள்.

எதை மாற்றுவது? இங்கே ஓர் ஆய்வைச் சொல்லவேண்டும், உங்கள் சிக்கலோடு நன்றாகவே பொருந்துகிறது. ஹார்வர்டைச் சேர்ந்த எமி எட்மன்ட்சன், ரிச்சர்ட் போமர், கேரி பிசானோ மூவரும் அமெரிக்காவில் 16 மருத்துவமனைகளைப் பார்த்து 2001இல் வெளியிட்டது. மார்பெலும்பைப் பிளக்காமல், விலா எலும்புகளுக்கு இடையே சிறு கீறல் போட்டு இதய அறுவை செய்யும் முறை அப்போது புதிது. பழைய முறையில் இதயம் சர்ஜன் கண்முன்னே திறந்து கிடக்கும், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியை அவரே கிளாம்ப் போட்டு நிறுத்துவார். புது முறையில் தொடை வழியாக ஒரு பலூனை அனுப்பி உள்ளே விரித்து அடைக்கவேண்டும். பலூன் நகர்கிறதா என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேனில் பார்க்கும் மயக்க மருத்துவரும், இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓட்டுபவரும், நர்சும் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. ஆக, அதுவரை உத்தரவு மட்டுமே போட்டுக்கொண்டிருந்த சர்ஜன் இப்போது காதும் கொடுக்கவேண்டும்.

சில மருத்துவமனைகள் இதை மளமளவென்று கற்றுக்கொண்டன, சில திணறின. சர்ஜனின் அனுபவமோ மருத்துவமனையின் பெயரோ இந்த வித்தியாசத்துக்குக் காரணமாக இல்லை. வேகமாகக் கற்ற இடங்களில் ஆட்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள், ஆரம்ப அறுவைகளில் அதே ஆட்களை வைத்துக்கொண்டார்கள். சர்ஜன் இதைத் தன் கைத்திறன் சமாச்சாரமாகப் பேசாமல், நீங்கள் எல்லாரும் சொன்னால்தான் எனக்கு நடக்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். திணறிய இடங்களில், தவறு கண்ணில் பட்டாலும் சொல்ல யோசித்தார்கள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். சண்டை போடும் இருவரைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. மீட்டர் வைத்தால் தீர்ந்துவிடும் சண்டை அது. இம்பெல்லரை மாட்டாமல் மோட்டாரை மட்டும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, நோ-லோடில், அதாவது சுமை இல்லாமல், எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கிறது, வாட்ஸ் எவ்வளவு, லோடு கொடுத்தால் என்ன ஆகிறது என்று இருவரையும் பக்கத்தில் நிற்கவைத்துப் பாருங்கள். மோட்டார் சரியென்றால் அப்புறம் இம்பெல்லரைத் தேய்த்து வழவழப்பாக்கி மறுபடி ஓட்டுங்கள். ஒரு நாள் வேலை. மூன்று மாதமாக யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சொல்லவேண்டியவர் நீங்கள்தான்.

தொந்தரவில்லாதவர் என்று நீங்கள் எழுதிய அந்த சர்வீஸ்காரரைப் பற்றித்தான் கவலை. ஊர் ஊராகப் போய் எரிந்த காயிலைப் பிரித்துப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். தோட்டத்தில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது, கோடையில் கிணற்றுத் தண்ணீர் எத்தனை அடி கீழே போகிறது, விவசாயி எந்த ஸ்டார்ட்டரை மாட்டுகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். டெஸ்ட் பெஞ்சில் ஜெயித்த மாடல் கிணற்று மேட்டில் தோற்பது அங்கேதான். கூட்டம் முடியும்போது "வேற ஏதாவது இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் பேசமாட்டார்கள், எல்லாருக்கும் டீ ஞாபகம் வந்துவிடும். அடுத்த கூட்டத்தை அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். போன சீசனில் திரும்பி வந்த மோட்டார்கள் எதனால் எரிந்தன என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் டிசைனுக்கே எதிராக இருக்கலாம். அப்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்பதை மற்ற நால்வரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கப்புறம் அவர்கள் பேசுவதும் பேசாததும் அதைப் பொறுத்ததுதான்.

வைண்டிங்காரரை மாற்றக் கேட்கவேண்டாம். புதிதாக வருபவருக்குக் கதையை முதலிலிருந்து சொல்லவே இரண்டு வாரம் போய்விடும். மேலிடத்தில் ஏதாவது கேட்பதென்றால், பர்ச்சேஸில் ஒரே ஆளை மாடல் வெளிவரும்வரை மாற்றாமல் தரச்சொல்லிக் கேளுங்கள். மாதம் ஒருவர் வந்துபோனால் காப்பர் வயர் என்ன விலைக்கு, எந்தத் தேதிக்கு வரும் என்பதற்கு யாரைப் பிடிப்பீர்கள்?