பூசை வைக்காத சிவப்புக் குரு

கேள்வி: என் மகள் வயலின் கற்கிறாள். ‘நான்கு பருவங்கள்’ இசையை எழுதிய விவால்டி ஒரு கத்தோலிக்க குருவானவர் என்று அவளுடைய ஆசிரியர் சொன்னாராம். குருவாக இருந்தும் பூசை வைக்காமல் ஓபரா என்னும் இசைநாடகம் நடத்திக்கொண்டிருந்தார் என்பது உண்மைதானா?
– வாசகி ஒருவர், நாகர்கோவில்

பதில்: உண்மைதான். அந்தோனியோ விவால்டி 1678 மார்ச் 4 அன்று வெனிஸ் நகரில் பிறந்தபோது, குழந்தை பிழைக்குமோ என்ற அச்சத்தில் மருத்துவச்சியே வீட்டில் அவசர ஞானஸ்நானம் கொடுத்துவிட, கோயிலில் நடக்க வேண்டிய எஞ்சிய சடங்குகள் இரண்டு மாதம் கழித்தே நடந்தன. தந்தை, நாவிதத் தொழிலிலிருந்து வயலினுக்கு வந்து, புனித மாற்கு பேராலயத்தின் இசைக்குழுவில் இடம்பெற்றவர். மகன் 1703 மார்ச் 23 அன்று, தமது 25ஆம் வயதில் குருப்பட்டம் பெற்றார். தலைமுடியின் நிறத்தால் ஊரார் அவருக்கு இட்ட பெயர் ‘சிவப்புக் குரு’.

பூசையை ஏன் விட்டார் என்பதற்கு அவரே எழுதிய கடிதம் ஒன்று உள்ளது. 1737இல் ஃபெராரா நகரில் ஓபரா நடத்த அவர் பெரும் பணம் போட்டு ஏற்பாடு செய்திருந்த வேளையில், அந்நகரின் பேராயரான கர்தினால் ருஃப்போ, பூசை வைக்காதவர் என்பதையும் அன்னா ஜீரோ என்ற பாடகியோடு நட்புக் கொண்டவர் என்பதையும் காரணம் காட்டி, அவர் ஊருக்குள் வரவே தடை விதித்தார். அதற்கு விளக்கமாகத் தம் புரவலர் பெந்திவோல்யோவுக்கு எழுதிய கடிதத்தில், பிறந்தது முதலே தமக்கு நெஞ்சு இறுக்கும் நோய் இருப்பதாகவும், அதனால் மூன்று முறை பூசையை முடிக்காமலே பீடத்தை விட்டு இறங்க நேர்ந்ததாகவும், படகிலோ வண்டியிலோ அன்றி வெளியே செல்ல இயலாது என்றும் அவர் கூறுகிறார். அந்நோய் ஆஸ்துமாவாக இருக்கலாம் என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து.

நோயை நான் நம்புகிறேன். ஆனால் கடிதத்தின் கணக்கு சற்று உதைக்கிறது. பட்டம் பெற்று ஓராண்டோ சற்றுக் கூடுதலாகவோ மட்டுமே பூசை வைத்ததாகச் சொல்பவர், அதே மூச்சில் 25 ஆண்டுகளாகப் பூசை வைக்கவில்லை என்கிறார். 1703இலிருந்து எண்ணினால் அது முப்பதைத் தாண்ட வேண்டும். பீடத்தில் நிற்க விடாத அந்த நெஞ்சு, ரோமாபுரிக்கும் மாந்துவாவுக்கும் போய் ஓபரா நடத்த மட்டும் இடம் கொடுத்ததே என்று எதிரிகள் கேட்டிருந்தால் அதையும் குறை சொல்ல முடியாது. (அப்பயணங்களில் உதவிக்கு நான்கைந்து பேர் தேவைப்பட்டதால் செலவு மிகுந்தது என்று அவர் அக்கடிதத்திலேயே சொல்லிக்கொள்கிறார்.) பூசையின் நடுவே ஒரு மெட்டு தோன்ற, அதை எழுதிவைக்க ஓடிவிட்டார் என்ற கதை, சுவையாக இருந்தாலும், பிற்காலத்தார் எழுதிவைத்தது, அதை நான் ஏற்பதில்லை.

அதற்காக அவரை அங்கி மட்டும் அணிந்த போலி என்று தள்ளவும் எனக்கு மனமில்லை. 1735இல் பாடல்வரி திருத்தும் வேலையாக அவர் வீட்டுக்குச் சென்ற நாடகாசிரியர் கொல்தோனி, இசைத்தாள்களுக்கு நடுவே குருக்கள் நாள்தோறும் சொல்ல வேண்டிய கட்டளைச் செபப் புத்தகத்தோடு அவர் இருந்ததைத் தம் நினைவுக்குறிப்பில் வேடிக்கையாக விவரிக்கிறார். கொல்தோனி அங்கேயே அமர்ந்து புதிய வரிகளை எழுதிக் காட்டியதும், செபப் புத்தகத்தை வீசிவிட்டு அவரைக் கட்டிக்கொண்டாராம். இவ்விரண்டும் சேர்ந்தவரே விவால்டி.

கேள்வி: அநாதைப் பெண்களுக்கு அவர் இசை கற்பித்தாராமே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: குருப்பட்டம் பெற்ற அதே 1703இல், ‘பியெத்தா’ என்ற இல்லத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார், தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 60 துகாத் (அக்கால வெனிஸ் நாணயம்). கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த இல்லம் அது. என்றேனும் அடையாளம் காட்டி மீட்கலாம் என்ற நம்பிக்கையில், பாதியாக உடைத்த பதக்கத்தைக் குழந்தையோடு வைத்துவிட்டுப் போன தாய்மார்களும் உண்டு. அங்கே வளர்ந்த பெண்கள் கோயிலின் மாடத்தில், கம்பித் தட்டிக்குப் பின்னே முகம் தெரியாமல் வாசித்ததைக் கேட்க ஐரோப்பா எங்கிலுமிருந்து பயணிகள் வந்தார்கள். ஆசிரியரின் வேலை நிர்வாகக் குழுவின் வாக்கெடுப்பைப் பொறுத்தது. 1709இல் வாக்குக் குறைந்து வேலையிழந்தவரை 1711இல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1716இல் அவர் எழுதிய ‘யூதித்தின் வெற்றி’ என்ற ஒரட்டோரியோவில் (நடிப்பின்றிப் பாடப்படும் சமயக் கதை), படைத்தலைவன் ஒலோபெர்னின் பகுதி உட்பட அனைத்தையும் பெண்களே பாடினார்கள்.

கேள்வி: இவ்வளவு புகழ் பெற்றவர் வறுமையில் இறந்தது எப்படி?
– அதே வாசகர்

பதில்: வெனிஸில் ரசனை மாறியது; அவர் வியன்னாவுக்குப் போனார். அவர்மீது மதிப்பு வைத்திருந்த பேரரசர் ஆறாம் சார்லஸ் 1740 அக்டோபரில் இறந்துபோக, அடுத்த ஆண்டு ஜூலை 28 அன்று விவால்டியும் அங்கேயே காலமாகி, எளிய முறையில் அடக்கம் செய்யப்பட்டார். அதன் பிறகு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள், ஜெர்மானிய இசைமேதை பாக் எடுத்து மாற்றியமைத்த சில கான்செர்டோக்களின் (தனிவாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) மூலவர் என்ற அளவில்தான் பெரும்பாலும் அறியப்பட்டிருந்தார். 1926இல் வட இத்தாலியில் சலேசிய சபையார் நடத்திய கல்லூரி ஒன்று பழைய இசைச்சுவடிகளை விற்க முன்வந்தபோதுதான், அவருடைய கையெழுத்துப்படிகள் பெருந்தொகுதியாக வெளிப்பட்டன. பங்குத் தரகர் ரொபெர்த்தோ ஃபோவா அவற்றை வாங்கித் தூரின் நகரின் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார். ஜெனோவாவில் இருந்த மறுபாதியை ஃபிலிப்போ ஜோர்தானோ என்பவர் 1930இல் வாங்கிக் கொடுத்தார். இருவருமே தம் ஆண் குழந்தையைப் பறிகொடுத்தவர்கள். மவ்ரோ, ரென்ஸோ என்ற அந்தக் குழந்தைகளின் பெயர்களிலேயே அத்தொகுதிகள் இன்றும் அங்கே உள்ளன.