புதன்கிழமைக்குள் வாடிப்போகும் கீரைக்கு என்ன வழி?

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டில் மாமியார், எட்டு வயது மகன். ஞாயிறு காலை அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போய் வாரம் முழுவதற்கும் ஏழு கிலோ அளவுக்குக் காய் வாங்கிவிடுகிறோம். அதில் இரண்டு கிலோ உருளைக்கிழங்கு. புதன் வந்தால் கீரை மஞ்சளாகிவிடுகிறது, கொத்தமல்லி கொழகொழவென்று ஆகிவிடுகிறது, கத்தரிக்காய் சுருங்கிவிடுகிறது. பாதி குப்பைக்குத்தான் போகிறது. இரவு ஏழரைக்கு வீடு திரும்பினால் நறுக்கவே தெம்பு இல்லை, உருளை வறுவலோ கடைப் பரோட்டாவோதான். பருவத்துக் காய்களை வைத்துச் சுலபமாக, சத்தாகச் சமைக்க ஒரு வழி சொல்லுங்கள். அத்தைக்குச் சர்க்கரை உண்டு. இரவில் கீரை கூடவே கூடாது என்பார்.

பதில்: நீங்கள் அதிகமாக வாங்கி வீணாக்குவதாக நினைக்கிறீர்கள். கணக்குப் பார்த்தால் நேர்மாறாக இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளை போன்ற மாவுக் கிழங்குகள் அந்தக் கணக்கில் வராது. உங்கள் நான்கு பேருக்கும் வாரத்துக்கு ஏறக்குறைய பதினொரு கிலோ ஆகிறது. உருளையைக் கழித்தால் நீங்கள் வாங்குவது ஐந்து கிலோ. அதிலும் பாதி குப்பைக்கு. ஆகவே குறைத்து வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். எதை முதலில் சமைப்பது என்ற வரிசைதான் உங்கள் வீட்டில் தவறியிருக்கிறது. சீக்கிரம் வாடுவதை முதலில் சமைக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் தலைகீழாக நடக்கிறது. ஞாயிறு அன்று எல்லாம் புதிதாக இருக்கும்போது உருளையும் கேரட்டும் அடுப்பேறும். கீரை ஆய நேரமில்லை, நாளைக்கு ஆகட்டும் என்று உள்ளே போகும்.

முதலில் சந்தையிலிருந்து ஆரம்பிப்போம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-ல் திறந்ததே உங்கள் அண்ணா நகரில்தான். அங்கே விலைப் பலகை இருக்கிறதே, அதுதான் பருவத்துக்கான பஞ்சாங்கம். என்ன சமைப்பது என்று வீட்டில் முடிவு செய்து பட்டியலோடு போகாதீர்கள். பலகையைப் பார்த்து, விலை இறங்கிக் கிடக்கும் மூன்று நான்கு காய்களை எடுங்கள். வரத்து கூடினால்தான் விலை இறங்கும், வரத்து கூடுவது பருவத்தில்தான். இது தை மாதம். மொச்சையும் அவரையும் குவிந்திருக்கும். ஆடிப்பட்டத்தில் விதைத்த கொடிகள் பகல் குறுகிப் பனி இறங்கும்போது பூத்துக் காய்க்கும், அதனால்தான் பொங்கல் குழம்பில் மொச்சை இல்லாமல் இருப்பதில்லை. கூடவே சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு, பனங்கிழங்கு, பச்சைத் துவரை, பச்சைப் பட்டாணி, முள்ளங்கி, மலைக் கேரட், பரங்கி, நெல்லிக்காய். இந்த மாதத்தில் முருங்கைக்காய்க்கு ஆசைப்படாதீர்கள். கார்த்திகை முதல் தை வரை அது நகைக்கடை விலையில் இருக்கும், சதையும் இருக்காது. பங்குனியில் மரம் நிறையக் காய்க்கும்போது சாம்பார், கூட்டு, பொரிச்ச குழம்பு என்று சலிக்கச் சலிக்கச் சாப்பிடலாம். அதுவரை முருங்கைக்கீரை இருக்கிறது.

இன்னொன்று, வாரம் ஒருமுறைப் பயணத்தை இரண்டாக்குங்கள். புதன் அல்லது வியாழன் காலை யாராவது ஒருவர் பத்து நிமிடம் சந்தையில் தலைகாட்டி ஒரு கட்டுக் கீரை, அரைக் கிலோ நாட்டுக்காய் மட்டும் வாங்கி வந்தால் போதும். அது முடியாது என்றால் தெருவில் கீரைக்காரம்மா வருவாரே, அவரிடம் வாங்குங்கள். ஐந்து ரூபாய் கூட ஆகலாம், குப்பையில் போடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

இனி வரிசை. வாங்கிய அன்றும் மறுநாளும் கீரை வகை, வாழைப்பூ, முள்ளங்கியின் தழை. மூன்றாம், நான்காம் நாளுக்குள் கத்தரி, வெண்டை, அவரை, பீர்க்கு, புடலை. வார முடிவுக்குக் கேரட், பீட்ரூட், கோஸ், சௌசௌ. கடைசியில், வேறு எதுவும் இல்லாத நாளுக்கு, பரங்கி, சேனை, சர்க்கரைவள்ளி. முள்ளங்கியைத் தழையோடு உள்ளே வைத்தால் தழை கிழங்கின் நீரை உறிஞ்சிவிடும், கிழங்கு இரண்டே நாளில் நெட்டி போல ஆகும். வந்ததும் தழையை வெட்டி அன்றே பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் செய்துவிடுங்கள். கிழங்கு வாரம் தாண்டியும் இருக்கும்.

கத்தரிக்காய் சுருங்குவதற்கு நாள்கணக்கு மட்டும் காரணமில்லை. அது வெப்ப மண்ணின் காய், ஃப்ரிட்ஜின் குளிர் அதற்கு ஆகாது. உள்ளே விதை பழுப்பேறி, சதை கசப்படிக்கும். வெண்டையும் அப்படித்தான், கரும்புள்ளி விழும். இரண்டையும் கீழ்த்தட்டுக் காய்ப்பெட்டியில் வையுங்கள், மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். உருளை, சர்க்கரைவள்ளி, வெங்காயம், பூண்டு நான்கும் வெளியே காற்றோட்டமாக, வெயில் படாமல் இருக்கட்டும். உருளையையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள். இன்னொரு கேள்வி: வாழைப்பழமும் தக்காளியும் கீரைக்குப் பக்கத்தில்தானே வைக்கிறீர்கள்? பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும். பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயு கீரையை மஞ்சளாக்கும். இரண்டையும் பிரித்து வைத்தாலே உங்கள் கீரைக்கு ஒரு நாள் ஆயுள் கூடும்.

கீரையை எப்படி வைப்பது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துவிடுங்கள். கட்டிய இடத்தில்தான் முதலில் அழுகும். கழுவாதீர்கள். அழுகிய இலை ஒன்றிரண்டு இருந்தால் எடுத்துவிட்டு, உலர்ந்த பழைய வேட்டித் துணியில் தளர்வாகச் சுற்றி உள்ளே வையுங்கள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், மை ஒட்டும். கொத்தமல்லிக்கும் இதே துணிதான், வேரை மட்டும் கிள்ளிவிடுங்கள். முருங்கைக்கீரை ஆய்வதுதானே பெரும்பாடு? இரவில் கொத்தாக அப்படியே துணியில் இறுக்கிச் சுற்றி வெளியே வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் இலைகள் தாமே உதிர்ந்து கிடக்கும். ஆய்வதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சமைக்கும்போது நறுக்கும் முன்னே கழுவுங்கள். அகலமான பாத்திரத்து நீரில் அலசி, இலையைக் கையால் அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து நீரை வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்ப இலைமேலேயே விழும். மூன்று தண்ணீர் மாற்றினால் போதும். இலையில் ஒட்டியிருக்கும் நீரோடு இன்னும் கால் டம்ளர் ஊற்றி, நாலு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய் போட்டு மூடாமல் வேகவிடுங்கள். சிறுகீரை ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். மூடி போட்டால் இலையிலிருந்து கிளம்பும் புளிப்பு ஆவி உள்ளேயே தங்கிப் பச்சை நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். நிறத்துக்காக ஆப்ப சோடா போடச் சொல்வார்கள். நானும் புதிதாகக் குடித்தனம் வந்தபோது போட்டிருக்கிறேன். நிறம் நிற்கும், வைட்டமின் போய்விடும், வாயில் வழவழப்பு வேறு. வேண்டாம். வெந்த நீரைக் கொட்டாமல் உப்பைக் கடைசியில் போட்டு மத்தால் கடைந்து, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் தாளியுங்கள். கீரையிலுள்ள பீட்டா கரோட்டினை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். இரும்புச்சத்துக்கு எலுமிச்சையோ நெல்லிக்காயோ துணை வேண்டும். சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் அந்த இரும்பில் பெரும்பகுதி வீண், ஒரு மணி நேரம் பொறுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் எந்தக் கீரை, எவ்வளவு என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரவில் கீரை கூடாது என்பதில் உங்கள் அத்தையோடு வாதாட வேண்டாம். நன்றாக வெந்த கீரை பெரும்பாலானோருக்கு இரவிலும் எதுவும் செய்யாது. விளக்கு வெளிச்சத்தில் பூச்சி தெரியாது, நார் மெதுவாகச் செரிக்கும் என்று அந்தக் காலத்துக்கு அந்த விதி சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆறு நிமிட வேலைதானே, காலையில் கடைந்து மதியச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துவிடுங்கள். வீட்டில் சண்டையும் இருக்காது.

அடுத்து இரவு ஏழரைப் பிரச்சினை. ஞாயிறு அன்றே எல்லாக் காயையும் நறுக்கி டப்பாக்களில் அடுக்கி வைக்கும் யோசனை இப்போது பரவலாக இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. நறுக்கிய காய் சீக்கிரம் கெடும், வைட்டமின் சி குறைந்துகொண்டே போகும். பீன்ஸ், கேரட், கோஸ் போன்றவற்றை முந்தின இரவு நறுக்கி வைத்தால் தப்பில்லை, அவ்வளவுதான். காயைத் தவிர மற்றதை முன்கூட்டியே செய்து வையுங்கள். ஒரு மூடித் தேங்காய், ஒரு ஸ்பூன் சீரகம், நாலு பச்சை மிளகாய் சேர்த்து அதிகம் தண்ணீர் விடாமல் அரைத்து வைத்தால் மூன்று நாள் கூட்டுக்கு ஆயிற்று. எலுமிச்சை அளவுப் புளியைக் கெட்டியாகக் கரைத்துக் கண்ணாடிப் பாட்டிலில் வைக்கலாம். சின்ன வெங்காயம் உரிக்கும் வேலையை வீட்டிலுள்ள எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்து செய்யலாம். கடலைப்பருப்பு, மல்லி, மிளகாய் வறுத்துப் பொடித்த பொரியல் பொடி ஒரு சின்ன டப்பாவில் இருந்தால் அவரையோ கத்தரியோ பத்து நிமிடத்தில் இறங்கிவிடும்.

மொச்சையை எடுத்துக்கொள்வோம், இந்த மாதத்துக்கு அதைவிடத் தோதான காய் கிடையாது. உரிக்கும் வேலையை மகனிடம் கொடுங்கள். எட்டு வயதுப் பையனுக்கு அது விளையாட்டு, தான் உரித்ததைத் தின்னவும் செய்வான். உரித்த மொச்சை இரண்டு டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், மஞ்சள்தூள் போட்டுக் குக்கரில் இரண்டு விசில். மொச்சையைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்னக் கூடாது, விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். திறந்த பிறகு நாலு கத்தரிக்காயை நீளவாக்கில் நறுக்கிப் போடுங்கள். முதலிலேயே போட்டால் கரைந்து காணாமல் போகும். கத்தரி வெந்ததும் அரைத்து வைத்ததில் மூன்று ஸ்பூன், உப்பு, வேண்டுமானால் ஒரு கரண்டிப் புளிக்கரைசல். ஒரு கொதி. கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து இறக்கினால் இருபத்தைந்து நிமிடத்தில் கூட்டு தயார். இரவு தோசைக்குத் தொட்டுக்கொண்டு, மிச்சத்தை மறுநாள் மதியம் சோற்றுக்கு வைக்கலாம். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், அடுப்பு மேலேயே விடிய விடிய விட்டுவைக்காதீர்கள்.

புளியைக் கடைசியில் விடச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. புளிப்பு பட்டால் காயும் பருப்பும் இறுகிக்கொள்ளும், பிறகு எத்தனை விசில் விட்டாலும் மொச்சை நறுக்கென்றுதான் இருக்கும். சாம்பாரில் காய் வேகவில்லை என்று புலம்பும் பலரும் காயையும் புளியையும் ஒன்றாகக் கொதிக்க விட்டவர்களே. கருணைக்கிழங்குக்கு மட்டும் விதிவிலக்கு. அதன் அரிப்பை அடக்கப் புளி வேண்டும், புளித் தண்ணீரிலேயே வேகவிடலாம்.

அத்தைக்கு மொச்சை, அவரை, கீரை எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம், நார்ச்சத்து சர்க்கரை ஏறுவதை நிதானப்படுத்தும். சர்க்கரைவள்ளியைக் காயாக நினைக்காதீர்கள். அது சோற்றுக்கு மாற்று. கிழங்கு வைக்கும் நாளில் சோறு அந்த அளவுக்குக் குறைய வேண்டும். பையனுக்கு அதே கிழங்கை ஆவியில் வேகவைத்து மாலைத் தீனியாகக் கொடுங்கள், பிஸ்கட் பாக்கெட்டைத் தேட மாட்டான்.

பீர்க்கு, சுரை, வெள்ளரி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள். பாகற்காயின் கசப்பு வேறு. இந்தக் காய்களில் கசப்பு வந்தால் குக்கர்பிட்டாசின் என்ற நச்சு கூடிவிட்டது என்று அர்த்தம், வேகவைத்தாலும் போகாது, வாந்தி வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். ஒருமுறை அவசரத்தில் நானே பார்க்காமல் போட்டு, இரண்டு லிட்டர் கூட்டைத் தாளித்த பிறகு தொட்டியில் கொட்டியிருக்கிறேன்.

இப்போது உங்கள் ஃப்ரிட்ஜில் கிடக்கும் கீரையைப் பற்றி. கொழகொழப்போ வாடையோ இருந்தால் யோசிக்காமல் எறியுங்கள். வெறும் வாட்டம்தான் என்றால், மஞ்சள் இலையைக் கிள்ளிவிட்டு, தண்டின் நுனியை நறுக்கிக் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் போட்டு வையுங்கள். நிமிர்ந்துவிடும். நிமிர்ந்ததை மறுபடி உள்ளே வைக்காமல் அப்போதே அடை மாவில் அரிந்து போட்டுவிடுங்கள்.