வாசகசாலை நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றலாமா?

கேள்வி: கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊரில், கட்டணமில்லாத வாசகசாலை ஒன்றை நடத்துகிறோம். ராமபாணப் பூச்சி அரித்துவரும் பழைய நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற நினைத்தோம். 1938-இல் அச்சான நாடக நூல் ஒன்றின் ஆசிரியர் 1971-இல் காலமானார். அவருடைய பேரன் தடுக்கிறார். இவ்வளவு பழைய நூலுக்கும் உரிமை உண்டா?

பதில்: உண்டு. ஆசிரியர் பெயருடன் அவர் வாழ்நாளிலேயே வெளிவந்த நூலுக்கு, அச்சான ஆண்டு கணக்கில் வராது. ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் நாளிலிருந்து 60 ஆண்டுகளை எண்ண வேண்டும் என்பது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் விதி. ஆகவே, அந்த நாடகத்தின் உரிமை 2031 முடியும்வரை நீடிக்கும். உங்கள் பக்கத்து உத்தமதானபுரத்தில் பிறந்த உ.வே.சாமிநாதையர் 1942-இல் மறைந்ததால், அவர் எழுதி வெளியிட்டவை 2003 முதல் பொதுவுடைமை; அதாவது, யாருடைய அனுமதியும் இன்றி எவரும் வெளியிடலாம். ஆனால் அவற்றின் புதுப் பதிப்பில் வேறொருவர் எழுதிச் சேர்த்த முன்னுரைக்கும் குறிப்புகளுக்கும் தனி உரிமை உண்டு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

ஸ்கேன் செய்வது வேறு, ஊரறிய இணையத்தில் வைப்பது வேறு. லாப நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் அச்சுப் பிரதி இருக்கும் நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்று 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் 52-ஆம் பிரிவில் இடம் தருகிறது. எனவே, அலமாரியில் உள்ள அத்தனையையும் இன்றே ஸ்கேன் செய்து வாசகசாலைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஏற்றுவதற்கு மட்டும் ஒவ்வொரு நூலாகக் கணக்குப் பாருங்கள்.

‘கூகுளே நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கவில்லையா?’ என்று உங்கள் ஊர் இளைஞர்கள் கேட்கக்கூடும். அதை எதிர்த்து அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 2005-இல் தொடுத்த வழக்கில் 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கூகுளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் உரிமை நீங்காத நூல்களில் தேடிய சொல்லைச் சுற்றிய சில வரிகளை மட்டுமே கூகுள் காட்டியது. முழு நூல்களை ஸ்கேன் செய்து இரவல் கொடுத்த இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க இணைய நூலகம் 2024-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. இரண்டுமே அந்நாட்டுச் சட்டப்படி வந்தவை என்பதால், இங்கே அவற்றைக் கேடயமாக்க முடியாது.

பேரனோடு மல்லுக்கட்ட வேண்டாம். உரிமை பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதா, வேறு வாரிசுகள் உள்ளனரா என்று அவரிடமே விசாரியுங்கள். குடும்பத்திடம்தான் உரிமை என்றால், அனைவரிடமும் கையெழுத்துடன் அனுமதிக் கடிதம் பெறுங்கள்; அதில் நூலின் பெயர், பதிப்பு ஆண்டு, படிக்க மட்டுமா பதிவிறக்கவும் அனுமதியா என்பவை தெளிவாக இருக்கட்டும்.