ஷிரே பள்ளத்தாக்கின் வெள்ளங்கள்: கேள்வி பதில்

ஆப்பிரிக்க நாடான மலாவியின் தென்கோடியில், ஷிரே ஆற்றோரம் உள்ள சிக்வாவா, என்சான்ஜே மாவட்டங்களின் கிராமங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

ஆற்றங்கரையான்: ஷிரே ஆறு மலாவி ஏரியிலிருந்து புறப்படுவதுதானே? அவ்வளவு பெரிய ஏரி வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளாதா?

ஏரி நீர் மெல்ல ஏறி மெல்ல வடியும். ஊரைத் திடுக்கிட வைப்பது ரூவோ என்னும் கிளையாறு. ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரமுள்ள முலாஞ்சே மலையில் பெய்யும் மழையை வாரிக்கொண்டு, மொசாம்பிக் எல்லையை ஒட்டி இறங்கி, அது சிரோமோவில் ஷிரேயுடன் கலக்கிறது. 2015 சனவரியில் அது கரைபுரண்டபோது மக்காங்கா என்னும் ஊர் நாற்புறமும் நீர் சூழ்ந்த தீவாகிவிட்டது.

புவியியல் மாணவி: 2023 மார்ச்சில் வந்த ஃப்ரெடி புயலில் இறந்தோர் எத்தனை பேர்?

மலாவியில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 500-க்கும் மேற்பட்டோரைக் காணவில்லை. இவர்களில் மிகப் பலரைக் கொன்றது ஆற்று வெள்ளமன்று, பிளான்டயர் நகரின் மலைச்சரிவுகளிலும் முலாஞ்சே, பலோம்பே மாவட்டங்களிலும் உருண்டுவந்த சேறும் பாறையும்தான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இறந்தோர் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு வெள்ளத்தை அளக்காதீர்கள். வெள்ளம் வரும் சனவரி முதல் மார்ச் வரையிலான காலம், சென்ற ஆண்டின் மக்காச்சோளம் குதிரில் தீர்ந்து, புதியது இன்னும் முற்றாமல் வயலில் நிற்கும் பஞ்ச காலம். அப்போது பயிரை இழக்கும் குடும்பம் அந்த ஆண்டு முழுவதையும் இழக்கிறது. முகாம்களாகிவிட்ட பள்ளிகளில் பாடம் நின்றுபோவதை எந்த எண்ணிக்கையும் காட்டுவதில்லை.

பெயரிலி: ஆண்டுதோறும் மூழ்கும் இடத்தை விட்டு ஏன் நகர மறுக்கிறார்கள்?

வெள்ளம் வடிந்தபின் ஆற்றோரப் படுகையில் வண்டலும் ஈரமும் தங்கும். அந்நிலத்தை அங்கே 'திம்பா' என்பார்கள். மழையே இல்லாத மாதங்களில் மக்காச்சோளம், அவரை, சர்க்கரைவள்ளி, காய்கறி எல்லாம் அந்த ஈரத்தில்தான் விளைகின்றன. மழைக்காலப் பயிரை அடித்துச் சென்ற அதே ஆறுதான் அடுத்த பயிருக்கும் நிலம் தருகிறது. மேட்டில் வீட்டுமனை மட்டும் கொடுத்தால், ஆடவர் பகலில் படுகைக்கு நடந்துபோவார்கள். சில மாதங்களில் காவலுக்கென்று ஒரு குடிசை எழும். பிறகு குடும்பமே திரும்பிவிடும். இதைப் பிடிவாதம் என்று எழுதுவோர் அந்த நிலத்தின் கணக்கைப் பார்க்காதவர்கள்.

பழைய உறுப்பினர்: ஒப்ப முடியவில்லை. சாம்பியாவின் லோசி மக்கள் ஆண்டுதோறும் 'குவோம்போகா' விழா எடுத்து நகரவில்லையா?

நகர்கிறார்கள். அவர்களுடைய அரசரான லிதுங்கா, நலிக்வாண்டா படகில் லியாலுயிலிருந்து மேட்டிலுள்ள லிமுலுங்காவுக்குப் போகிறார். நீர் வடிந்ததும் திரும்பிவருகிறார். அந்தத் திரும்புதலுக்கும் 'குஃபுலுஹேலா' என்று தனிப்பெயர் உண்டு. மேட்டிலும் தாழ்விலும் உரிமையுள்ள வீடு இருப்பதால்தான் அது கூடிவருகிறது.

பழைய உறுப்பினர்: அப்படியானால் ஷிரே மக்களுக்கும் இரண்டு வீடு கொடுத்தால் தீர்ந்தது.

பாதி தீரும். லோசி மக்கள் வாழும் பாரோட்சே சமவெளியில் சாம்பேசி ஆறு வாரக்கணக்கில் ஏறுவதால் மூட்டை கட்ட நேரம் இருக்கிறது. ரூவோவோ மலையில் பெய்த மழையைச் சில மணி நேரத்தில் ஊருக்குள் கொண்டுவந்துவிடும். அதற்கு விழா எடுத்துக்கொண்டிருக்க முடியாது, மேலே பெய்வதைக் கீழே சொல்ல ஆள் வேண்டும். நிலமில்லாத இடமாற்றம் எப்படி முடியும் என்பதற்கு சிம்பாப்வேயைப் பாருங்கள். 2014-இல் டோக்வே முகோசி அணைநீர் ஏறியபோது ஏறத்தாழ 20,000 பேர் சிங்விசி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டனர். பின்னர் குடும்பத்துக்கு ஒரு எக்டர் நிலம்தான் கிடைத்தது. இதற்குமேல் இந்த வாதத்தை நான் வளர்க்கப்போவதில்லை.

வானம்பாடி: புயல்களுக்கு யார் பெயர் வைக்கிறார்கள்?

வானிலையியல் அமர்வில் கேளுங்கள்.

மண்வாசனை: மரம் நட்டால் வெள்ளம் நிற்குமா?

நிற்காது, குறையும். கரிக்காக மொட்டையடிக்கப்பட்ட சரிவுகளிலிருந்து இறங்கும் மண் ஆற்றைத் தூர்க்கிறது என்பது உண்மைதான். ஆனால் 2022 சனவரியில் ஷிரே ஆற்றிலுள்ள கபிச்சிரா மின்நிலையத்தின் அணையை உடைத்து, நாட்டின் மின்னுற்பத்தித் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நிறுத்திய ஆனா புயலின் மழையைக் கன்றுகள் தடுத்திருக்க மாட்டா.

புதியவர்: அந்த மக்கள் ஏன் வேறிடம் போகக்கூடாது?

மேலே பெயரிலிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

குடியானவன்: வேறிடம் போவதுதானே அறிவுடைமை?

இருவருக்கும் மேலே பெயரிலிக்குச் சொன்னதே பதில்.

தன்னார்வலர்: நீர் வடிந்தபின் உதவப் போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், சுடாத செங்கல் வீட்டுக்குள் யாரையும் உடனே போகவிடாதீர்கள். ஊறிய சுவர் வெயிலேறிய பிறகும் சரிந்து விழும். குடிநீரைக் கவனியுங்கள், 2022-இல் தொடங்கிய காலராவில் மலாவியில் 1,700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாவு மூட்டையோடு விதையும் சர்க்கரைவள்ளிக் கொடியும் கொண்டுபோங்கள். படுகையில் ஈரம் காய்வதற்குள் அவை கைக்கு வந்தாக வேண்டும், சூன் மாதத்தில் வந்து சேரும் விதையால் பெரிய பயனில்லை.